இரண்டு திரை எதற்கு? மின்னூல் ரீடரும் டேப்லெட்டும் ஒட்டிப் பிறந்த கதை

கிண்டில் போன்ற மின்னூல் ரீடரில் நாவல் படிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் வீடியோ பார்க்க முடியாது. டேப்லெட்டில் வீடியோ அருமையாக ஓடும், ஆனால் உச்சி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து அதில் இரண்டு பக்கம் படிப்பது பெரும்பாடு. சரி, இரண்டையும் ஒரே கருவிக்குள் வைத்துவிட்டால் என்ன?

யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். 2009, 2010 வாக்கில் அமெரிக்காவில் சில நிறுவனங்கள் இதைச் செய்தே பார்த்தன. ஒரு பக்கம் காகிதம் போன்ற கறுப்பு வெள்ளைத் திரை, இன்னொரு பக்கம் வண்ணத் தொடுதிரை. பிறகு ரஷ்யாவிலிருந்து அது போனாக வந்தது, சீனாவிலிருந்து மடிக்கணினியாக வந்தது. விற்பனையில் எதுவும் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனாலும் யோசனை சாகவில்லை, சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் மறுபடி கையில் எடுக்கிறார்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு திரைகளை ஒட்டிவிடுவது சுலபம். ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியும்படி வைப்பதுதான் கடினம். இந்த வகைக் கருவிகள் வென்ற இடமும் தோற்ற இடமும் பெரும்பாலும் அதுதான். அதைப் புரிந்துகொள்ள, முதலில் இரண்டு திரைகளுக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மின்தாள் திரை

கிண்டிலில் இருப்பது ‘இ இங்க்’ வகைத் திரை, அதைத்தான் இங்கே மின்தாள் என்கிறேன். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சன் என்ற பேராசிரியரும், பாரெட் கமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் என்ற இரண்டு மாணவர்களும் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. 1997இல் இ இங்க் என்ற பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார்கள். இந்தத் திரையை வைத்து முதலில் கடைக்கு வந்த ரீடர் சோனியின் லிப்ரியே, 2004இல் ஜப்பானில். கிண்டில் வந்தது 2007 நவம்பரில். 2009இல் தைவானைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இ இங்க்கை வாங்கிக்கொண்டது. இன்றும் உலகில் விற்கும் மின்னூல் ரீடர்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரை அங்கிருந்துதான் போகிறது.

திரைக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான். குமிழுக்குள் தெளிந்த திரவம், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள். வெள்ளைக்கு நேர் மின்னூட்டம், கறுப்புக்கு எதிர் மின்னூட்டம். அடியிலிருந்து ஒரு மின்புலத்தைக் கொடுத்தால் வெள்ளை மேலே வந்து கறுப்பு கீழே போகும். புலத்தைத் திருப்பினால் கறுப்பு மேலே வரும். எழுத்தின் கோடு விழவேண்டிய இடத்தில் கறுப்பு, மற்ற இடமெல்லாம் வெள்ளை. இடைப்பட்ட அளவில் துகள்களை நிறுத்தினால் சாம்பல் நிறங்கள். வழக்கமாக 16 படிகள் கிடைக்கும்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம், துகள்கள் ஓரிடத்துக்கு வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் படம் அழியாது. வாசலில் கோலம் போட்ட பிறகு அது நிற்பதற்கு யாரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை அல்லவா, அதே மாதிரி. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். சாதாரண ரீடர் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுவது இதனால்தான். திரை தானாக ஒளிர்வதுமில்லை, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. துகள்கள் திரவத்துக்குள் நீந்திப் போகவேண்டும். அதற்கு ஒரு வினாடியின் கணிசமான பகுதி ஆகும், பழைய திரைகளில் அரை வினாடிக்கு மேலேயே ஆனது. போதாக்குறைக்கு, முந்தைய பக்கத்தின் எழுத்து மங்கலாக நிழல்போல் தங்கிவிடும். அதை விரட்டத் திரையை ஒருமுறை முழுக் கறுப்பாக்கி வெள்ளையாக்க வேண்டும். ரீடரில் பக்கம் திருப்பும்போது கண் சிமிட்டுவதுபோல ஒன்று நடக்குமே, அது இதுதான். நாவல் படிப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விரலால் தள்ளித் தள்ளி ஒரு இணையப் பக்கத்தில் இறங்கப் பார்ப்பவருக்கு வெறுத்துவிடும்.

வண்ணத் திரை

டேப்லெட்டின் எல்சிடி திரை நேரெதிர் பிறவி. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் மின்சாரத்துக்கு ஏற்பத் திரும்பி, வெளிச்சத்தை விடும் அல்லது மறைக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிற வடிகட்டிகள் மேலே உண்டு. இப்படி வடிகட்டுவதிலேயே பின்விளக்கின் ஒளியில் பெரும்பகுதி வீணாகி, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதனால் வீடியோ, விளையாட்டு, சரசரவென்று ஓடும் பட்டியல் எல்லாம் சாத்தியம். நீங்கள் ஒரே பக்கத்தைப் பத்து நிமிடம் வெறித்துக்கொண்டிருந்தாலும் விளக்கு எரிகிறது, பேட்டரி இறங்குகிறது. வெயிலில் அந்தச் சின்ன விளக்கு சூரியனோடு போட்டி போடவேண்டும்.

‘மின்தாள் கண்ணுக்கு நல்லது, எல்சிடி கண்ணைக் கெடுக்கும்’ என்று விளம்பரங்களில் அடித்துச் சொல்வார்கள். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். 2012க்குப் பிறகு வந்த ரீடர்கள் பலவற்றில் திரையின் ஓரத்தில் சிறு எல்இடி விளக்குகளை வைத்து முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடிக்கிறார்கள், இருட்டில் அவையும் விளக்கொளிதான். வெளிச்சமான இடத்தில் படிக்கச் சுகம் என்பது மட்டும் சந்தேகமில்லாதது.

ஆக, ஒன்றால் முடியாததை மற்றொன்று செய்கிறது. அன்றைய மின்தாளால் நிறம் காட்டவும் ஓடவும் முடியாது. எல்சிடியால் மின்சாரமில்லாமல் நிற்க முடியாது. இரண்டையும் சேர்க்கலாம் என்ற ஆசை இந்தப் பொருத்தத்திலிருந்து வந்தது.

முதல் முயற்சி: அடியில் ஒரு குட்டித் திரை

அந்தக் காலத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. மின்தாள் திரையைத் தொட்டு இயக்கவேண்டுமானால், அதன் மேல் அழுத்தத்தை உணரும் ஒரு படலத்தை ஒட்டவேண்டும். 2008இல் சோனி அப்படி ஒரு ரீடரை விட்டது. படலம் வந்ததும் எழுத்து மங்கியது, பளபளப்பு கூடியது. காகிதம்போல இருக்கவேண்டும் என்று செய்த திரைக்கு மேல் கண்ணாடித்தாள் போர்த்திய மாதிரி ஆகிவிட்டது. கிண்டில் அந்த வம்பே வேண்டாம் என்று பொத்தான்களோடு நின்றுகொண்டது.

அமெரிக்காவின் பெரிய புத்தகக் கடைத் தொடரான பார்ன்ஸ் அண்ட் நோபிள் வேறொரு வழி கண்டது. 2009 அக்டோபரில் அறிவித்த நூக் என்ற ரீடரில், மேலே 6 அங்குல மின்தாள் திரை, அதற்குக் கீழே பட்டையாக 3.5 அங்குல வண்ணத் தொடுதிரை. விலை 259 டாலர், அப்போதைய கிண்டிலுக்குச் சமம். புத்தக அட்டைகளை வண்ணத்தில் தள்ளிப் பார்ப்பது, தட்டச்சு செய்வது, மெனு எல்லாம் கீழே. படிப்பது மட்டும் மேலே. படிக்க ஆரம்பித்துச் சற்று நேரத்தில் கீழ்த்திரை தானே அணைந்துவிடும்.

இது நல்ல வேலைப் பிரிவினை. ஆனால் பயன்படுத்தும்போது ஒரு விசித்திரம் தெரியும்: கீழே தொட்டால் மேலே மாறும், அதுவும் சற்றுத் தாமதமாக மாறும். கண் ஓரிடம், விரல் ஓரிடம். பழக நாளாகும்.

நூக் அறிவிப்புக்கு முந்தைய நாள்தான் ஸ்பிரிங் டிசைன் என்ற சிறு நிறுவனம் அலெக்ஸ் என்ற ரீடரை அறிவித்திருந்தது. அதே 6 அங்குலம் மேலே, 3.5 அங்குலம் கீழே. அதில் கீழ்த்திரை முழு ஆண்ட்ராய்டு. தாங்கள் ரகசியமாகக் காட்டிய வடிவமைப்பைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அந்த நிறுவனம் பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்குப் போட்டது. 2011இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, புத்தகக் கடைக்கு உரிமம் கொடுத்தார்கள். இந்த யோசனைக்கு அன்று எவ்வளவு மவுசு இருந்தது என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

என்டூராஜ் எட்ஜ்: விரித்தால் புத்தகம்

இந்த வகையின் முழு உருவம் என்றால் நான் கைகாட்டுவது என்டூராஜ் எட்ஜ் என்ற கருவியைத்தான். வர்ஜீனியா மாநிலத்தில் மெக்லீன் என்ற ஊரைச் சேர்ந்த என்டூராஜ் சிஸ்டம்ஸ் 2010 தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. புத்தகம்போல நடுவில் கீல். விரித்தால் ஒரு பக்கம் 9.7 அங்குல மின்தாள், மறு பக்கம் 10.1 அங்குல எல்சிடி. கீல் முழுச்சுற்று திரும்பும் என்பதால் ஒரு திரையை மட்டும் மேலே வைத்துப் பிடிக்கலாம். விலை சுமார் 500 டாலர். அது குறிவைத்தது மாணவர்களை, அதாவது பாடப்புத்தகச் சந்தையை.

மின்தாள் பக்கத்தில் வேகாம் என்ற நிறுவனத்தின் பேனா உணரி இருந்தது. ஓவியர்கள் பயன்படுத்தும் வேகாம் பலகைகளில் உள்ள அதே தொழில்நுட்பம். அதற்கான பேனாவால் பாடத்தின் ஓரத்தில் குறிப்பெழுதலாம், அடிக்கோடிடலாம், வெற்றுப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்று பலர் பெரிய மின்தாள் கருவியை வாங்குவதே இதற்காகத்தான். 2010இல் அதை நினைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் எட்ஜில் எனக்குப் பிடித்தது பேனா இல்லை, இரண்டு பக்கங்களுக்கும் இடையே போட்டிருந்த பாலம். புத்தகத்தில் ஒரு இணைய இணைப்பு வந்தால், தொட்டதும் அது எதிர்ப்பக்கத்து வண்ணத் திரையில் திறக்கும். புத்தகம் அதே இடத்தில் அப்படியே நிற்கும். கறுப்பு வெள்ளையில் விளங்காத படம் ஒன்று பாடத்தில் இருந்தால், அதை வண்ணப் பக்கத்துக்கு அனுப்பி நிறத்தோடு பார்க்கலாம். ஒரே திரை உள்ள கருவியில் இதே காரியத்துக்குப் புத்தகத்தை மூடி, உலாவியைத் திறந்து, பார்த்துவிட்டு, திரும்பி வந்து பக்கத்தைத் தேடவேண்டும். பாதிப்பேர் திரும்பி வருவதே இல்லை, போன இடத்திலேயே தங்கிவிடுவார்கள். இரண்டு திரைக்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது இதுதான்: தேடப் போனாலும் படித்த இடம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது.

இவ்வளவு நல்ல கருவி ஏன் போயிற்று?

முதலில் எடை. எட்ஜ் ஏறத்தாழ 3 பவுண்டு, ஒரு கிலோவைத் தாண்டியது. படுத்துக்கொண்டு படிக்க முடியாது. ரீடரின் முதல் தகுதியே ஒரு கையில் பிடிக்க முடிவதுதான்.

அடுத்து பேட்டரி. புதிதாகக் கேட்பவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். மின்தாள் இருக்கிறதே, வாரக்கணக்கில் சார்ஜ் நிற்காதா? நிற்காது. மின்தாள் மிச்சம் பிடிப்பது திரைக்கான மின்சாரத்தை மட்டும். கிண்டிலில் திரையோடு சேர்ந்து மற்ற பாகங்களும் பக்கத்துக்குப் பக்கம் தூங்கிவிடுகின்றன. எட்ஜில் பின்னால் ஒரு முழு ஆண்ட்ராய்டு கணினி விழித்துக்கொண்டிருந்தது. நிறுவனமே சொன்ன கணக்கு, மின்தாளை மட்டும் பயன்படுத்தினால் சுமார் 16 மணி நேரம், வண்ணத் திரையோடு 6 மணி நேரம். இரட்டைக் கருவியின் பேட்டரியை எப்போதும் அதிகம் தின்னும் பாகம்தான் தீர்மானிக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களைப் படிக்கச் சுலபமாக இருக்கும்.

மூன்றாவது மென்பொருள். அன்றைய ஆண்ட்ராய்டு ஒரே ஒரு திரை, அதுவும் வேகமான வண்ணத் திரை என்று நினைத்து எழுதப்பட்டது. இரண்டாவது திரையில் வேறொன்றைக் காட்டுவதற்கான வசதியைச் செயலி எழுதுபவர்களுக்கு ஆண்ட்ராய்டே முறையாகக் கொடுத்தது 2012இல், 4.2 பதிப்பில்தான். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் சொந்தமாகத் தட்டுமுட்டு வேலை செய்துகொண்டது. விளைவு, வெளியிலிருந்து நிறுவிய செயலிகள் வண்ணப் பக்கத்தில் மட்டும் ஓடும். மின்தாள் பக்கத்தில் கருவியோடு வந்த ரீடர் மென்பொருள் ஒன்றுதான். கடையில் வாங்கிய புத்தகத்தை அந்தக் கடையின் செயலியில்தான் திறக்கமுடியும் என்றால், அதை வண்ணத் திரையில்தான் படிக்கவேண்டும். காசு கொடுத்து வாங்கிய காகிதத்திரை பக்கத்திலேயே சும்மா கிடக்கும்.

சில ஆயிரம் பேர் கையில் இருக்கும் கருவிக்காக எந்த மென்பொருள்காரரும் தனியாக இரண்டு திரைச் செயலி எழுதமாட்டார். செயலி இல்லாததால் கருவி விற்காது. விற்காததால் செயலி வராது. எட்ஜ் மட்டுமல்ல, இந்த வகையில் வந்த எல்லாக் கருவிகளும் மாட்டிக்கொண்ட சுழல் இது.

இதற்கு நடுவில் 2010 ஏப்ரல் 3 அன்று ஐபேட் கடைக்கு வந்தது. 499 டாலர், 680 கிராம். ஏறக்குறைய அதே விலை, பாதி எடை. மின்தாள் இல்லை, பேனா இல்லை. ஆனால் தொட்டால் உடனே ஓடியது. எட்ஜின் வண்ணத் திரையோ அழுத்தித் தொடவேண்டிய பழைய ரகம். 2010 கடைசியில் 6 அங்குல மின்தாளும் 7 அங்குல எல்சிடியும் கொண்ட பாக்கெட் எட்ஜ் என்ற சிறிய மாதிரியையும் விட்டுப் பார்த்தார்கள். 2011இல் எட்ஜ் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள்.

நூக் என்ன ஆயிற்று என்பது இன்னும் சுவாரசியம். 2010 கடைசியில் நூக் கலர் வந்தது, 7 அங்குல வண்ணத் திரை மட்டும். 2011இல் நூக் சிம்பிள் டச் வந்தது, மின்தாள் மட்டும். அதாவது ஒட்டிப் பிறந்த இரண்டையும் அறுத்துத் தனித்தனியாக விற்றார்கள். தொடுதிரைப் பிரச்சினைக்கு அதற்குள் வேறு விடை கிடைத்துவிட்டது. திரையின் நான்கு விளிம்புகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை ஓடவிட்டு, விரல் எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மேலே படலமே வேண்டாம், எழுத்து மங்காது. சோனி 2010இலேயே அதைச் செய்துவிட்டது. குட்டித் திரைக்கு வேலை போயிற்று, எடையும் 343 கிராமிலிருந்து 212 கிராமுக்கு இறங்கியது.

போனின் முதுகில், மடிக்கணினியின் மூடியில்

யோட்டா டிவைசஸ் என்ற ரஷ்ய நிறுவனம் 2013 டிசம்பரில் யோட்டாபோனை வெளியிட்டது. முன்னால் சாதாரண போன், திருப்பினால் முதுகில் மின்தாள். அடுத்த வருடம் வந்த யோட்டாபோன் 2இல் முன்பக்கம் 5 அங்குல அமோலெட் வகை வண்ணத் திரை, பின்பக்கம் தொட்டு இயக்கக்கூடிய 4.7 அங்குல மின்தாள். 2014 நவம்பரில் பெய்ஜிங் மாநாட்டுக்குப் போன ரஷ்ய அதிபர் புதின் இந்தப் போனைச் சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்குப் பரிசளித்தார். ஒரு போனுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது! இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது.

மென்பொருள் விஷயத்தில் யோட்டாபோன் 2 எட்ஜைவிட ஒரு படி மேலே. முழு ஆண்ட்ராய்டையும் பின்திரைக்குக் கொண்டுபோகலாம். அதனால் எந்தக் கடையின் ரீடர் செயலியையும் மின்தாளில் திறக்கலாம். ஆனால் அந்தச் செயலிகள் மின்தாளை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. மெல்ல மறையும் மெனு, வழுக்கிக்கொண்டு போகும் பக்கம் என்ற அலங்காரமெல்லாம் மெதுவான திரையில் அலங்கோலமாகும். போனின் விலையும் கூடுதல். 2019இல் நிறுவனம் திவாலானது. சீனாவின் ஹைசென்ஸும் இதே மாதிரி இருமுகப் போன்களைச் செய்து பார்த்துவிட்டு, பின்பு மின்தாள் மட்டுமே உள்ள போன்களுக்குப் போய்விட்டது.

லெனோவா இதையே மடிக்கணினியில் முயன்றது. 2018இல் வந்த யோகா புக் சி930இல் விசைப்பலகை இருக்கவேண்டிய இடத்தில் 10.8 அங்குல மின்தாள். தட்டச்சு செய்யும்போது அதில் விசைகள் தோன்றும், வேண்டாதபோது குறிப்பேடாகவும் ரீடராகவும் மாறும். ஆசைப்பட வைக்கும் யோசனைதான். அந்த ரீடர் பிடிஎஃப் கோப்புகளை மட்டும் திறந்தது என்பதைக் கேட்டதும் ஆசை பாதி இறங்கிவிடும். கண்ணாடிமேல் தட்டச்சு செய்வதும் எல்லோருக்கும் ஒத்துவராது. 2020இல் திங்க்புக் பிளஸ் என்ற மாதிரியில் மின்தாளை மூடியின் வெளிப்பக்கத்துக்கு மாற்றினார்கள். மடித்து வைத்திருக்கும்போதே நாட்காட்டி பார்க்கலாம், பேனாவால் குறிப்பெழுதலாம்.

ஒரே திரையில் இரண்டு குணம்

இரண்டு திரையை ஒட்டுவதற்குப் பதிலாக, ஒரே திரையை இரண்டு விதமாக நடந்துகொள்ள வைக்கலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஏழை நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2007இல் தயாரான எக்ஸ்ஓ மடிக்கணினியின் திரை அப்படிப்பட்டது. வீட்டுக்குள் பின்விளக்கோடு வண்ணம், வெயிலில் விளக்கை அணைத்துவிட்டால் கறுப்பு வெள்ளை. அதை வடிவமைத்த மேரி லூ ஜெப்சன் பிறகு பிக்செல் குய் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தத் திரையை வைத்து 2011இல் ஆடம் என்ற டேப்லெட்டைக் கொண்டுவந்தது பெங்களூருவின் நோஷன் இங்க் நிறுவனம். நம் ஊர்ப் பத்திரிகைகளில் அப்போது ஐபேடுக்குப் போட்டி என்று பெரிதாக எழுதினார்கள். படிக்கக் கிடைத்த பரப்பு எல்சிடி வகைதான், மின்தாளின் அழுத்தமான கறுப்பு அதில் வராது.

இப்போது மின்தாளே மாறிவருகிறது. மேலே நிற வடிகட்டி ஒட்டிய கலைடோ வகைத் திரைகள் 2020 முதல் விற்கின்றன. 2022இல் வந்த மூன்றாம் தலைமுறையில் கறுப்பு வெள்ளை எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளி. வடிகட்டி கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடுவதால் வெள்ளை சற்றுச் சாம்பலாகத் தெரியும், வண்ணமும் செய்தித்தாள் வண்ணம்போல் வெளிறியே இருக்கும். அமேசானும் 2024இல் வண்ணக் கிண்டிலை விட்டது. பூக்ஸ் போன்ற கருவிகள் மின்தாளிலேயே முழு ஆண்ட்ராய்டை ஓட்டுகின்றன. நிழல் தங்கினாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால் வேகம் கூட்டலாம், செயலிக்குச் செயலி அந்த அளவை நாமே மாற்றிக்கொள்ளலாம். வீடியோகூட ஓடும். பார்க்கச் சகிக்காது, அது வேறு விஷயம்.

யாருக்கு இது உண்மையில் வேண்டும்?

நாவல் மட்டும் படிப்பவருக்கு இரண்டாவது திரை வேண்டவே வேண்டாம். வீடியோவும் வாட்ஸ்அப்பும் போதும் என்பவருக்கு மின்தாள் வேண்டாம். ஒன்றைப் படித்துக்கொண்டே இன்னொன்றைப் புரட்டுபவர்களுக்குத்தான் இது. தீர்ப்புகளோடு சட்டத்தை ஒப்பிடும் வழக்கறிஞர், மூலத்தைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்ப்பவர், ஆய்வுக் கட்டுரையும் குறிப்பேடுமாகத் திரியும் மாணவர்.

தமிழில் படிப்பவர்களில் பழைய நூல்களைத் தேடுபவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய பதிப்புகள் பெரும்பாலும் பக்கங்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகள். அவற்றில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, பக்கத்தையே பெரிதாக்கி நகர்த்தவேண்டும். 6 அங்குல ரீடரில், மெதுவான திரையில், அதைச் செய்வது பொறுமைக்குச் சோதனை. 10 அங்குல அளவிலான மின்தாளில் பக்கம் முழுசாக அடங்கும். உரையில் புரியாத சொல் வந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இருக்கிறது. பாட்டு ஒரு பக்கம், அகராதி மறு பக்கம் என்று விரிந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்!

வாங்க நினைத்தால்

இந்த வகையில் எதையாவது வாங்க நினைப்பவர் முதலில் கேட்கவேண்டியது, ‘நான் வழக்கமாகப் படிக்கும் செயலி மின்தாள் பக்கத்தில் திறக்குமா?’ என்பது. திரையின் அளவு, ப்ராசஸர், கேமரா எல்லாம் அதற்குப் பிறகு. அடுத்தது, ஒரு பக்கத்தில் தொட்ட இணைப்பு மறு பக்கத்தில் திறக்குமா, அல்லது மின்தாள் வெறும் கடிகாரமும் அறிவிப்பும் காட்டும் அலங்காரப் பலகையா? கடையில் கையில் கிடைத்தால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், பத்துப் பக்கம் வேகமாகத் திருப்பி நிழல் எவ்வளவு தங்குகிறது என்று பாருங்கள், ஒரு கையில் ஐந்து நிமிடம் பிடித்தும் பாருங்கள்.

பழைய எட்ஜ், யோட்டாபோன் எங்காவது மலிவாகக் கண்ணில் படலாம். சேகரித்து வைக்க என்றால் வாங்கலாம். தினமும் பயன்படுத்த வேண்டாம். பேட்டரி மாற்றக் கிடைக்காது. ஆண்ட்ராய்டின் மிகப் பழைய பதிப்புகளுக்கு இன்றைய பாதுகாப்பு முறைகள் தெரியாது, அதனால் பல இணையதளங்கள் திறக்கவே திறக்காது. திரை உடைந்தால் அதோடு முடிந்தது.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, கையிலிருக்கும் போனோடு ஒரு தனி ரீடரையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எட்ஜ் கீல் போட்டுச் செய்த வேலையில் பாதியை இன்று இணையம் செய்துவிடுகிறது. கிண்டில் வைத்திருப்பவர்கள் போனில் கண்ட நீண்ட கட்டுரையை ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக ரீடருக்கு அனுப்பிவிடலாம், நிதானமாக மின்தாளில் படிக்கலாம். கடையில் வாங்கிய புத்தகத்தில் போட்ட அடிக்கோடுகள் போனிலுள்ள கிண்டில் செயலியிலும் வந்துவிடும். வராதது அந்த மற்றப் பாதி, புத்தகத்தில் தொட்ட இணைப்பு பக்கத்திலிருக்கும் போனில் திறப்பது. அதற்கு இப்போதைக்கு, வரியைப் பார்த்துக்கொண்டே போனில் கையால் தட்டித்தான் தேடவேண்டும்.